திறந்து கிடக்கும் குரல்கள்

கோபத்தின் வலது ஓரத்தில் விரலளவு சமாதானம் தெரிகிறது, அதைத் தொட்டால் முன்னால் வந்துவிடும், வந்தால் கோபம் பின்னால் போய்விடும், அதனால் தொடாமல் இருக்கிறேன், கீழே அழுகை, அதற்கும் கீழே பாதி மறைந்தபடி போன் பேச்சு, பக்கத்துத் திரையில் கோயில், சமையலறை, மிரட்டல், பெருமூச்சு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று ஃபோல்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன, எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே பெண்ணின் குரல், கமலவேணி அக்காவின் குரல், துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் எபிசோடு எண்ணும் ரீல் எண்ணும்தான் பெயர், எனக்கு இப்போது வேண்டியது நில்லு என்ற ஒரு சொல், கோபமில்லாத நில்லு, மருமகள் பெட்டியோடு வாசலைத் தாண்டுகிறாள், பெரிய அத்தை அவளை நிறுத்த வேண்டும், அதட்டி அல்ல, திரையில் அந்த இந்தி நடிகையின் வாய் திறந்து மூடுகிறது, அந்தத் திறப்புக்குள் அடங்குகிற நில்லு எந்த ஃபோல்டரில் இருக்கும் என்று யோசித்தபடி விரலைச் சுட்டியின் மேல் வைத்திருக்கிறேன்.

கமலவேணி அக்கா பேசக் கூடாது, குரல்நாணில் ஒரு சிறு முடிச்சு, அதை எடுத்துவிட்டார்கள், டாக்டர் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், ரகசியம் பேசுவதுபோலக் காற்றில் பேசுவதும் ஆகாதாம், அது இன்னும் மோசமாம், ஆனால் சீரியல் தினமும் ஓடுகிறது, இந்தியில் எடுத்ததை நாங்கள் சாலிக்கிராமத்தில் ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து தமிழ் பேச வைக்கிறோம், அக்கா மைக் முன்னால் நின்று பேசுவாள், பேசியதை வெட்டி, நகர்த்தி, வாயசைவில் உட்கார வைப்பது என் வேலை, பெரிய அத்தைக்கு முதல் எபிசோடிலிருந்தே அவள்தான், அது தொடங்கியபோது என் மகள் எல்.கே.ஜி. போனாள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பெரிய அத்தை இன்னும் அதே நகைகளோடு அதே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஆபரேஷன் தேதி முடிவானதும் டப்பிங் இன்சார்ஜ் ஜெயசீலன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார், பாரும்மா, சானல்காரன் காதுக்குத் தெரியாத வரைக்கும் அக்கா முன்னாடி பேசி வச்ச பழச வச்சு நீ ஓட்டு, அக்காவும் சரின்னுட்டாங்க, எனக்கும் ஆட்சேபனை இல்ல, தெரிஞ்சுபோச்சுன்னா மறுநாளே அக்காவுக்குப் பதிலா மீனலோசனிய மைக் முன்னாடி நிறுத்திருவேன், அப்புறம் அக்கா தொண்டை குயிலாட்டம் ஆனாலும் இந்த இடம் திரும்ப வராது, ஜனங்க காது ஒரு வாரத்துல பழகிரும், அக்காவுக்கு வேற சீரியலும் கையில இல்ல, யோசிச்சுக்கோ. நான் யோசிக்கவில்லை, ஓட்டுறேன் சார் என்றேன், எப்படி என்று தெரியாமலேதான் சொன்னேன்.

எப்படி என்பது வேலையில் இறங்கிய பிறகு தெரிந்தது, பழைய எபிசோடுகளைத் திறந்து அவள் பேசியதை எல்லாம் வாக்கியம் வாக்கியமாக, சில இடங்களில் சொல் சொல்லாக வெட்டி, கேட்கும்போது என்ன தோன்றியதோ அதையே ஃபோல்டருக்குப் பெயராக வைத்துப் போட்டேன், வசனத்தை நானே சுருக்கிக்கொள்கிறேன், நல்லவேளையாக அந்த இந்தி நடிகை பேசுவதைவிட முறைப்பது அதிகம், முறைப்புக்குக் குரல் வேண்டாம், ஒரு ம், ஒரு சரி, ஒரு போகட்டும், இவற்றை வைத்தே அரை எபிசோடு தாண்டிவிடலாம். ஒரு ஃபோல்டரையும் மூடுவதில்லை, எழுத்தில் போட்டுத் தேட முடியாது, பெயரில் எண்கள்தான், காதுதான் தேட வேண்டும், எந்தக் குரல் எந்த மூலையில் என்று கைக்குப் பழகிவிட்டது, இடது மேல் மூலையில் மிரட்டல், பார்க்காமலே போவேன், மூடித் திறந்தால் கணினி தன் இஷ்டத்துக்கு எங்காவது கொண்டுவந்து வைக்கும், கை இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல அலையும், அதனால் மூடவில்லை, அணைக்கவுமில்லை, புதிய மாற்றங்கள் வந்திருக்கின்றன, மறுபடி தொடங்கவா என்று கணினி கேட்டுக்கொண்டே இருக்கும், பிறகு என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். என்னம்மா இது, தீபாவளிக்கு முந்தின ரங்கநாதன் தெருவாட்டம் வச்சிருக்க, கொஞ்சத்த மூடேன், மெஷின் மூச்சு வாங்குது பாரு என்பார் ஜெயசீலன் சார், மூடுனா அக்கா கூட்டத்துல காணாமப் போயிருவாங்க சார் என்பேன், அவர் சிரிக்காமல் போவார், கொஞ்ச நேரம் கழித்து அவருடைய அறையிலிருந்து சிரிப்பு கேட்கும்.

அந்த நில்லு கிடைக்காமல், அதே எபிசோடுக்கு வேண்டிய ஒரு சாப்பிட்டியாவைச் சமையலறைக்குள் தேடும்போதுதான் அம்மா வந்தாள், வரக் காரணம் எதுவும் இல்லை, சாப்பிட்டியா என்று ஒரு துண்டைத் தட்டுகிறேன், அது மகனிடம் கேட்டது, அடுத்ததைத் தட்டுகிறேன், வேலைக்காரியிடம் கேட்டது, மூன்றாவதில் கடலூர் வீட்டின் முன்னறை, தையல் மெஷினுக்கு மேல் மஞ்சள் பல்பு, அம்மா குனிந்தபடி கேட்கிறாள், சாப்பிட்டியா, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அங்கேதான் எனக்கு உறுத்தியது, அம்மா தெளிவாகப் பேசினதே கிடையாது, பிளவுஸ் தைப்பவள், வாயில் எந்நேரமும் குண்டூசிகள், உதட்டை இறுக்கிக்கொண்டுதான் பேசுவாள், சொற்கள் ஊசிகளுக்கு நடுவே நசுங்கி வரும், பக்கத்து வீட்டாருக்குப் புரியாது, எனக்குப் புரியும், நான் கல்லூரியில் இருந்தபோது போய்விட்டாள், அவள் குரல் எங்கேயும் பதிவாகவில்லை, அந்தக் காலத்தில் யார் பதிவு செய்தார்கள், அவள் சொன்னவை எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, ஆனால் யார் குரலில் என்று உற்றுக் கேட்டால் அது கமலவேணி அக்காவின் குரல், தினமும் காதுக்குள் போட்டுக்கொண்டு வாழ்ந்ததில் எப்போதோ என் அம்மாவுக்கும் அக்காவே டப்பிங் கொடுத்துவிட்டாள், என்னை யாரும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் அம்மா அந்த இந்தி பங்களாவின் மாடிப்படியில் இறங்கி வருகிறாள், கழுத்தில் அளவு நாடா, நான் கீழே பாவாடை சட்டையில் நிற்கிறேன், கையைத் தூக்கு என்கிறாள், மூச்ச இழுத்துப் பிடிக்காத, சும்மா சாதாரணமா நில்லு. நான் உடனே கண்ணைத் திறந்து ஃபோல்டர்களுக்குள் தேடத் தொடங்கினேன், இதுதான், இந்த நில்லுதான், கோபமே இல்லை, எந்த எபிசோடு, சமாதானத்தில் இல்லை, சமையலறையில் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதிலும் இல்லை, வெகுநேரம் தேடிய பிறகுதான் உறைத்தது, பெரிய அத்தை யாருக்கும் அளவெடுத்ததில்லை, எந்த எபிசோடிலும் அவள் இதைச் சொன்னதில்லை. கடைசியில் கோயிலுக்குள் ஒன்று கிடைத்தது, நில்லு, விபூதி எடுத்துட்டுப் போ, அதில் நில்லுவை மட்டும் எடுத்து வைத்தேன், பின்னால் மெலிதாக மணிச் சத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது, வாசலில் தோரணம் ஆடுகிற காட்சி என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா ஒரு மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தாள், கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு, கையில் போன், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தட்டித் தட்டிக் காட்டினாள், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இரண்டு திரைகளையும் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தட்டினாள், என்னடி, என்னைக் கூறு போட்டு வித்துட்டு இருக்கியா. கேளுங்கக்கா என்று ஹெட்போனைக் கொடுத்தேன், கோபத்தில் எனக்கு மிகவும் பிடித்த துண்டைப் போட்டேன், வெளியே போடா நாயே என்று அது அதிர்ந்தது, அக்கா குலுங்கினாள், சத்தமில்லாமல் சிரிக்கிறாள் என்று புரியச் சற்று நேரமானது, தட்டினாள், இது என் பொண்ணுக்கு வேலை கிடைச்ச அன்னிக்குப் பேசுனது, சந்தோஷம் தாங்கல, கத்திட்டேன், ஜெயசீலன் என்னா கோவம் என்னா கோவம்னாரு. பெருமூச்சில் ஒன்றைப் போட்டேன், தட்டினாள், இது பெருமூச்சு இல்ல, கேன்டீன் வடை. நானும் சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்போடுதான் சமாதானத்திலிருந்து அதைப் போட்டேன், விடும்மா, நடந்தது நடந்துபோச்சு, நான் அடிக்கடி எடுப்பது, அவ்வளவு மென்மையாக இருக்கும், எந்தக் காட்சியிலும் உட்காரும். அக்கா அதை இரண்டாம் தடவை போடச் சொன்னாள், கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டினாள், அன்னிக்குக் காலையில என் தம்பி வீட்டு விசேஷம், எல்லார் முன்னாடியும் உன்னை யார் கூப்பிட்டதுன்னு கேட்டான், நேரா இங்கதான் வந்தேன், இது சமாதானம் இல்ல, கோவத்துக்கு மாத்து. சீரியலுக்கு அது சமாதானம்தானே அக்கா என்றேன். சீரியல் கெடக்கட்டும், நீ மாத்து என்று காட்டினாள். மாற்றினேன், ஒரு ஃபோல்டரிலிருந்து இழுத்து இன்னொன்றில் விட்டேன், அது சத்தமில்லாமல் போய் மற்ற கோபங்களோடு வரிசையில் நின்றுகொண்டது, அதற்குப் பிறகு நான் வைத்த பெயர் எதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை, ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அன்றைக்கு இவள் எங்கிருந்து வந்தாளோ என்று தோன்றும். கிளம்பும்போது அக்கா அன்றைய எபிசோடை முழுதாகப் போட்டுப் பார்த்தாள், முடிந்ததும் தட்டினாள், நான் வராமலே நான் நல்லாத்தான் பேசுறேன் போல.

அப்புறம் மும்பையிலிருந்து அந்த ரீல் வருகிறது, ஜெயசீலன் சார் அதைப் போட்டுக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார், பெரிய அத்தை மருமகள் முன்னால் கைகூப்பி நிற்கிறாள், இத்தனை வருடத்தில் முதல் தடவை மன்னிப்புக் கேட்கிறாள், நடிகையின் முகம் திரை முழுக்க இருக்கிறது, முறைப்பு இல்லை, திரும்பிக்கொள்வதும் இல்லை, உதடு நன்றாகத் தெரிகிறது, கடைசியில்தான் கேமரா மருமகள் மேல் போகிறது. இத எதை வச்சு ஒட்டுவ என்றார், எனக்கும் மனசு இல்லம்மா, ஆனா சீனைப் பாரு, இதத்தான் சானல் பத்து நாளா விளம்பரம் போடப் போகுது, மீனலோசனிய நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன், அதுக்குள்ள எதாவது ஆச்சுன்னா பாரு. அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தேடத் தொடங்கினேன், எல்லா ஃபோல்டரையும் முன்னால் இழுத்து, பின்னால் தள்ளி, பாதி மூடியிருந்ததை விரித்து, மன்னிப்பு என்ற சொல் இருந்தது, நிறையவே இருந்தது, மன்னிப்பா, உனக்கா என்று இருந்தது, மன்னிச்சு விட்டா தலைமேல ஏறிருவா என்று இருந்தது, கேட்டால் நான் மன்னிச்சிருவேனா என்றுகூட இருந்தது, ஆனால் கேட்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. ஒரு மன்னிச்சுவை எடுத்தேன், விடுவை வேறொன்றிலிருந்து கொண்டுவந்தேன், சத்தத்தைத் தணித்தேன், இழுத்து நீட்டினேன், உட்கார்ந்தது, வாயசைவில் குறையே இல்லை, ஆனால் கேட்டால் மன்னிப்புக் கேட்கிற அத்தை அடுத்த நொடி அறைந்துவிடுவாள் போல இருந்தது.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி மாடி ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது, நான் ஒட்டியதைக் கேட்டாள், தலையை ஆட்டினாள், இது நான் இல்ல என்று காட்டினாள், பிறகு மறுபடி தட்டினாள், இந்த வார்த்தைய இப்படிக் கேக்குற மாதிரி நான் சொன்னதே இல்லடி, சீரியல்லயும் சரி, அதற்கு மேல் எதையோ தட்ட விரலைக் கொண்டுபோய் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள், டாக்டர் ரெண்டு வார்த்தை பேசலாம்னுட்டார், போன வாரமே, நான்தான் பேசிப் பாக்கல, என்ன வரும்னு தெரியல. வீட்டிலாவது, என்றேன், இல்லை என்று கையசைத்தாள், துண்டைக் கழற்றி என் நாற்காலியின் முதுகில் போட்டாள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், எல்லா நாளும் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், ஜெயசீலன் சார் கதவோரம் வந்து நிற்பதை அவளும் பார்த்தாள், நான் படத்தை ஓட்டினேன். என்னை மன்னிச்சிடும்மா, இந்த வீட்டுல உன்னை நான் நிக்கவே விடல, இதுதான் வசனம், அவள் வாயைத் திறந்தாள், என்னை மன்னிச்சிடு என்று வந்தது, அது எனக்குத் தெரியாத குரல், கனமாக, தழைந்து, ஓரமெல்லாம் காற்றாக, ஈர மணலில் எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோல, இத்தனை ஃபோல்டர்களில் எதிலும் இல்லாத குரல், அவளும் அதைக் கேட்டாள், அதிர்ந்ததில் ஒரு கணம் தவறினாள், மிச்ச வரிக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, படம் தன் பாட்டுக்கு ஓடி முடிந்தது. இன்னொரு தடவையா என்று கையால் கேட்டாள், கண்ணில் பயம், வேண்டாம்க்கா, போதும் என்று மைக்கில் சொன்னேன், டாக்டர் சொன்னதுக்காகவும் சொன்னேன், அதற்காக மட்டும் இல்லை.

மிச்ச வரி காலியாக இருக்கிறது, டப்பிங்கில் காலியிடம் விடுவதில்லை, ஒரு மூச்சு, ஒரு விசும்பல், எதையாவது வைத்து அடைத்துவிடுவோம், எதை வைக்கலாம் என்று யோசிக்கும் முன்பே கை தெரிந்த வழியில் போய்விட்டது, அழுகை, கீழே இடது பக்கம், மூன்றாவது வரிசை, அளவெடுத்தது போன்ற ஒரு விசும்பல், இழுத்துக் கொண்டுவந்து அக்காவின் புதிய குரலுக்குப் பின்னால் விட்டேன், கேட்டேன், செழிப்பாக, உரக்க, யாரோ ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு அக்காவுக்காக அழுதாள். அம்மாவை நினைத்துப் பார்த்தேன், வேண்டுமென்றேதான், அவள் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள், ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று புரிந்தது, ஆனால் யாருடைய குரலும் வரவில்லை, மெஷின் சத்தம் மட்டும் வந்தது, அது அவளுடையதுதான். விசும்பலை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டேன், காலியிடத்தைக் காலியாக விட்டேன், பின்னால் வந்து நின்ற ஜெயசீலன் சாருக்கு ஓட்டிக் காட்டினேன். அங்க என்னம்மா, ஒண்ணும் கேக்கல என்றார். அக்கா பேசுறது அவ்வளவுதான் சார், அந்த இடத்துல கேமரா மருமக மேல போயிருது, உதடு தெரியாது என்றேன். அவர் என் கையை விலக்கி, தானே பின்னால் ஓட்டிப் போட்டுப் பார்த்தார், மறுபடியும் போட்டார், மருமகளின் முகம், சத்தமில்லாத அந்த இடம், அவள் கண் நிறைகிறது, அவர் போனை எடுத்து, மீனலோசனிம்மா, நாளைக்கு வர வேணாம், இல்ல இல்ல, தள்ளிப் போகல, வேணாம் என்றார், வைத்துவிட்டு என்னிடம், இனிமே பழசு ஒரு துண்டு கலக்கக் கூடாது, கலந்தா ரெண்டும் காட்டிக் கொடுத்துரும், அத்தை இனிமே இப்படித்தான் பேசுவா, கம்மியாப் பேசுவா, வசனத்த நான் வெட்டித் தரேன். சானல்ல கேட்டா, என்றேன். கேட்டா அத்தைக்குச் சளின்னு சொல்லிக்கறேன், போம்மா என்று போய்விட்டார்.

இப்போது மூடிக்கொண்டிருக்கிறேன், அக்கா பக்கத்து நாற்காலியில், துண்டு மறுபடி கழுத்தில், கோயிலை மூடுகிறேன், போன் பேச்சை மூடுகிறேன், மிரட்டல் இருந்த மூலை வெறுமையாகிறது, அதன் அடியிலிருந்து ஒரு மலைப்படம் வெளியே வருகிறது, கணினி வாங்கியபோதே அதில் இருந்த படம், அதில் ஒரு ஏரி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அழுகையை மூடுகிறேன், மீதி இருப்பது கோபமும், அதன் வலது ஓரத்தில் விரலளவு சமாதானமும்தான், அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள், சுட்டியைத் தானே வாங்கிக்கொண்டாள், கோபத்துக்குள் போய் அந்த வெளியே போடாவைப் போட்டாள், அது ஸ்பீக்கரில் அறை முழுக்க அதிர்ந்தது, அவள் திரையைப் பார்த்தபடி உதடு அசைத்தாள், வேறு பெண்களுக்காக அத்தனை வருடம் வாய் பார்த்துப் பேசியவள் தன் குரலுக்குத் தானே வாயசைத்தாள், ஒரு எழுத்து பிசகவில்லை, பிறகு மூடினாள், சமாதானம் முன்னால் வந்தது, அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அதையும் மூடினாள். ஏரியும் மலையும் மட்டும் இருந்தன, நடுவில் சின்னதாக ஒரு விண்டோ, அதற்குள் ஒரே ஒரு துண்டு, இன்றைக்குப் பேசியது, ஃபோல்டருக்குக் கணினி கொடுத்த பெயரே இருக்கிறது, புதிய ஃபோல்டர் என்று. இதுக்கு என்ன பேர்க்கா வைக்கிறது என்று கேட்டேன், அவள் போனை எடுத்தாள், விரலைக் கொண்டுபோனாள், தட்டாமலே மடியில் கவிழ்த்து வைத்தாள், தொண்டையைத் தொட்டுக்கொண்டு, அந்தக் கனத்த, காற்று கலந்த குரலில், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, இப்ப வேணாம்டி, இன்னும் ரெண்டு நாள் பேசிட்டு வச்சுக்கலாம் என்றாள்.